ஸரந்தீப் தந்த சொல்

“வாப்பா, இந்தச் சொல்லுக்குத் தமிழ்ல என்ன சொல்ற?”

ஆங்கிலப் பாடப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி மகள் கேட்டாள். அவள் விரல் வைத்திருந்த சொல் ‘செரண்டிபிட்டி’. வீட்டிலிருந்த அகராதியை எடுத்துப் பார்த்தோம். ‘எதிர்பாராமல் நற்பேறு வாய்த்தல்’ என்ற கருத்தில் ஒரு வரி இருந்தது. அவளுக்கு அது போதவில்லை. “அதிர்ஷ்டம் என்றதுக்கு இங்கிலீஷ்ல வேற சொல் இருக்கே, பிறகு எதுக்கு இது?” என்றாள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடப் போன எனக்குக் கிடைத்தது, நான் தேடிப் போகாத வேறு ஒன்று. அதையே சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கம் வரும்போது கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் ‘செரண்டிப்’ என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். அது நம் நாட்டின் பழைய பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரின் வயிற்றில் பிறந்த பிள்ளைதான் இந்த ஆங்கிலச் சொல். பிள்ளை பிறந்ததோ இங்கிருந்து ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், இலண்டனில்.

பெயர் வந்த வழி

அரபு நூல்கள் நம் தீவை ‘ஸரந்தீப்’ என்று அழைக்கின்றன. ‘ஸிம்ஹலத்வீப’ என்ற வடமொழிப் பெயரும் ‘ஸீஹலதீப’ என்ற பாளிப் பெயரும் கடலோடிகளின் நாவில் உருண்டு உருண்டு இப்படி ஆயிற்று என்பதே மொழியறிஞர் பெரும்பாலோரின் முடிவு. ‘த்வீப’ என்றால் தீவு. மாலைதீவு, இலட்சத்தீவு என்ற பெயர்களில் உள்ள அதே ‘தீவு’தான் ஸரந்தீபின் வாலிலும் இருக்கிறது. ஐரோப்பியர் வழங்கிய ‘சிலோன்’ என்பதும் ‘ஸீஹல’ என்ற அதே வேரிலிருந்து முளைத்ததே. ஆக, ஸரந்தீபும் சிலோனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இப்பெயரை அரபிகள்தாம் முதலில் வழங்கினார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல. கிறிஸ்து ஆண்டு நான்காம் நூற்றாண்டில், அதாவது நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு முன்பே, அம்மியானுஸ் என்ற உரோம வரலாற்றாசிரியர் ‘செரந்திவி’ மக்களிடமிருந்து மன்னன் யூலியனிடம் தூதர்கள் வந்த செய்தியை எழுதியிருக்கிறார். அரபிகள் இப்பெயரைப் படைக்கவில்லை. ஆனால் அதை உலகெங்கும் கொண்டு சென்று நிலைநாட்டியவர்கள் அவர்களே.

கி.பி. 851 அளவில் தொகுக்கப்பட்ட சீனா, இந்தியா பற்றிய கடல் வணிகர் குறிப்புகளில் ஸரந்தீப் வருகிறது. ஸிந்துபாதின் ஆறாவது பயணமும் அவனை ஸரந்தீபுக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. 1344ஆம் ஆண்டு இங்கு வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலைக்கு ஏறி, பிறகு ‘கலன்பு’ என்ற நகரத்துக்கும் வந்தார். ஸரந்தீபின் மிக அழகிய, மிகப் பெரிய நகரங்களில் ஒன்று என்று அவர் எழுதிவைத்த அந்தக் கலன்பு வேறெதுவுமல்ல, நம் கொழும்புதான்.

அரபு இலக்கியம் ஓதியவர்களுக்கு இன்னொரு நினைவும் வரும். எகிப்தின் உராபி பாஷாவோடு 1883இல் இங்கு நாடு கடத்தப்பட்டவர்களில் ஒருவர் மஹ்மூத் ஸாமீ அல்பாரூதீ. நவீன அரபுக் கவிதைக்கு உயிரூட்டியவர் என்று போற்றப்படும் அவர் 1899 வரை இந்நாட்டில் வாழ்ந்தார். எகிப்தில் தம் மனைவி இறந்த செய்தி அவருக்கு இங்கேதான் கிடைத்தது. அவர் பாடிய இரங்கற்பா அரபு மொழியின் சிறந்த இரங்கற்பாக்களில் ஒன்றாக இன்றும் ஓதப்படுகிறது. அவரது கவிதைகளில் ஸரந்தீப் என்ற பெயர் பிரிவின் வேதனையைச் சுமந்து நிற்கிறது.

இப்படி வணிகருக்கு மாணிக்கமாகவும், யாத்திரிகருக்கு மலையாகவும், கவிஞருக்குக் கண்ணீராகவும் இருந்த ஒரு பெயர், ஆங்கிலேயருக்கு எப்படி ‘எதிர்பாராத நற்பேறு’ ஆயிற்று?

ஒரு கடிதத்தில் பிறந்த சொல்

பிரித்தானியாவின் முதலாவது பிரதமர் என்று கருதப்படும் சேர் ரொபர்ட் வோல்போலின் மகன் ஹொரஸ் வோல்போல். எழுத்தாளர், ஓயாமல் கடிதம் எழுதுகிறவர். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிரித்தானியத் தூதராக இருந்த தம் நண்பர் ஹொரஸ் மேனுக்கு 1754 ஜனவரி 28ஆம் திகதி ஒரு கடிதம் எழுதினார். பழைய வெனிஸ் நூலொன்றைப் புரட்டியபோது, ஒரு குடும்பத்தின் குலச் சின்னம் பற்றிய செய்தி தம் கண்ணில் பட்டதை அதில் சொல்லி மகிழ்கிறார். இப்படித் தேவையான சமயத்தில் தேவையானது கையில் அகப்படும் தம் வழக்கத்துக்கு அவரே ஒரு பெயர் சூட்டுகிறார். அதுதான் செரண்டிபிட்டி.

பெயர்க் காரணத்தையும் அவரே விளக்குகிறார். ‘ஸரந்தீபின் மூன்று இளவரசர்கள்’ என்றொரு கதையை அவர் முன்பு படித்திருந்தார். அந்த இளவரசர்கள் போகும் வழியெல்லாம், தாம் தேடிப் போகாத விடயங்களைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டுபிடித்துக்கொண்டே போவார்களாம்.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். தற்செயல் மட்டுமல்ல, தற்செயலும் மதிநுட்பமும். சொல்லைப் படைத்தவர் அதற்கு இரண்டு கால்கள் வைத்தார். பின்னர் வந்தவர்கள் ஒரு காலை வெட்டிவிட்டார்கள். அகராதியின் ஒற்றை வரியில் எஞ்சியிருந்தது அதிர்ஷ்டம் என்ற ஒற்றைக் கால்தான். மகளுக்கு அது போதாமற் போனதில் வியப்பில்லை.

மூன்று இளவரசர்களும் நான்கு சகோதரர்களும்

வோல்போல் படித்த கதை எங்கிருந்து வந்தது? 1557இல் வெனிஸ் நகரில் மிக்கேலே திரமெஸ்ஸீனோ என்ற பதிப்பாளர் அதை இத்தாலிய மொழியில் அச்சிட்டார். பாரசீகத்திலிருந்து கிறிஸ்தோபோரோ என்ற ஆர்மேனியர் மொழிபெயர்த்தது என்று அந்நூல் சொல்கிறது. பிறகு பிரெஞ்சு, அதிலிருந்து ஆங்கிலம் என்று அது நகர்ந்தது.

இத்தாலிய நூலுக்கும் முந்தியவர் டில்லியின் பாரசீகக் கவிஞர் அமீர் குஸ்ரூ. 1325இல் மறைந்த அவரது ‘ஹஷ்த் பிஹிஷ்த்’, அதாவது ‘எட்டுச் சுவர்க்கங்கள்’ என்ற காவியத்தில் ஸரந்தீப் அரசனின் மூன்று மைந்தர்கள் வருகிறார்கள். காணாமற்போன ஓர் ஒட்டகத்தைக் கண்ணால் காணாமலே அதன் அடையாளங்களைச் சொல்கிறார்கள்.

ஒட்டகமா? நம் தீவில் ஏது ஒட்டகம்? கதையின் ஊர் வேறு என்பதை அந்த ஒட்டகமே காட்டிக் கொடுத்துவிடுகிறது. இது ஸரந்தீபின் கதையே அல்ல. அரபுப் பாலைவனத்தின் கதை. அரபு மத்ரஸாக்களில் ஓதிய எங்களில் பலர் இதை வேறு பெயர்களோடு அறிவோம். பத்தாம் நூற்றாண்டின் பெரும் வரலாற்றாசிரியர்களான தபரீயும் மஸ்ஊதீயும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நிஸார் என்பவருக்கு முளர், ரபீஆ, இயாத், அன்மார் என்று நான்கு புதல்வர்கள். இவர்களில் முளர், நபி (ஸல்) அவர்களின் மூதாதையரில் ஒருவர். தந்தையின் மரணத்துக்குப் பின், சொத்துப் பங்கீடு பற்றித் தீர்ப்புக் கேட்க நால்வரும் நஜ்ரானிலிருந்த அல்அஃப்ஆ என்ற அறிஞரை நாடிப் புறப்பட்டார்கள். வழியில் ஓர் ஒட்டகம் மேய்ந்து சென்ற தடம் தெரிந்தது.

“இது ஒற்றைக் கண் ஒட்டகம்” என்றார் முளர். “ஒரு முன்னங்கால் பழுதானது” என்றார் ரபீஆ. “வால் அறுந்தது” என்றார் இயாத். “கட்டுக்கு அடங்காமல் ஓடி வந்தது” என்றார் அன்மார்.

சற்றுத் தூரத்தில் ஒட்டகத்தைத் தொலைத்த மனிதன் எதிர்ப்பட்டான். நால்வரும் சொன்ன அடையாளம் நான்கும் சரியாக இருந்தன. “அப்படியானால் என் ஒட்டகம் உங்களிடம்தான் இருக்கிறது, கொடுங்கள்” என்று பிடித்துக்கொண்டான். காணவேயில்லை என்று அவர்கள் சத்தியம் செய்தும் நம்பவில்லை. வழக்கு அல்அஃப்ஆவிடமே போயிற்று.

காணாததை எப்படி வர்ணித்தீர்கள் என்று அவர் கேட்டார். ஒரு பக்கத்துச் செடிகளை மட்டும் மேய்ந்து மறுபக்கத்தை விட்டிருந்தது. அதனால் ஒற்றைக் கண் என்றறிந்தேன் என்றார் முளர். ஒரு காலின் சுவடு அழுத்தமாகவும் மற்றதன் சுவடு பழுதாகவும் இருந்தது என்றார் ரபீஆ. சாணம் சிதறாமல் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது; வால் இருந்திருந்தால் வீசிச் சிதறடித்திருக்கும் என்றார் இயாத். செழிப்பான புல்லைப் பாதியில் விட்டு மோசமான புல்லுக்குப் போயிருக்கிறது. மேய்ப்பன் பின்னால் இருந்தால் அப்படிப் போகாது என்றார் அன்மார்.

அல்அஃப்ஆ ஒட்டகக்காரனைப் பார்த்து, இவர்கள் உன் ஒட்டகத்தை எடுத்தவர்கள் அல்லர், போய்த் தேடு என்று சொல்லிவிட்டார்.

ஆக, நம் நாட்டிலிருந்து போனது பெயர். அரபு மண்ணிலிருந்து போனது கதை. இரண்டையும் சேர்த்து வைத்தது பாரசீகக் காவியம். சுமந்து சென்றவர் ஆர்மேனியர், அச்சிட்டவர் இத்தாலியர், சொல்லாக்கியவர் ஆங்கிலேயர். இன்று அரபு மொழியினரும் இந்தச் சொல்லை ‘ஸரந்தீபிய்யா’ என்று வழங்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஊர் சுற்றப் போன பெயர் ஒரு புதுப் பொருளோடு வீடு திரும்பியிருக்கிறது.

கண்டவர் பலர், கவனித்தவர் சிலர்

வோல்போலின் இந்தச் சொல் நெடுங்காலம் தூங்கிக் கிடந்தது. மேனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அச்சேறியதே 1833இல்தான். இருபதாம் நூற்றாண்டில் விஞ்ஞானிகள்தாம் அதைப் பரவலாக எடுத்தாளத் தொடங்கினார்கள். காரணம், அவர்களது அனுபவம் அப்படி.

1928 செப்டெம்பரில் விடுமுறை கழித்துத் திரும்பிய அலெக்ஸாண்டர் பிளெமிங், இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் தம் ஆய்வுத் தட்டுகளில் ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருப்பதைக் கண்டார். பழுதாய்ப் போன தட்டு, கழுவ வேண்டியதுதான். ஆனால் அந்தப் பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருந்ததை அவர் கவனித்தார். பெனிசிலினின் தொடக்கம் அதுவே. தட்டில் பூஞ்சணம் பிடித்தது தற்செயல்; அதைப் பார்த்து நின்றது தற்செயலல்ல. எத்தனையோ வருட உழைப்பு அந்தக் கண்ணுக்குப் பின்னால் இருந்தது.

ஒரு முஸ்லிமுக்கு ‘தற்செயல்’ என்ற சொல்லே சற்று இடறும். அல்லாஹ்வின் அறிவுக்கு வெளியே எதுவும் நடப்பதில்லை. தற்செயல் என்று நாம் சொல்வது, நாம் எதிர்பார்க்கவில்லை என்பதை மட்டுமே குறிக்கும். இறையச்சமுடையவருக்கு அவர் எண்ணியிராத புறத்திலிருந்து வாழ்வாதாரம் அளிக்கப்படும் என்று ஸூரா அத்தலாக் நமக்கு அறிவிக்கிறது. குளிர்காய நெருப்புத் தேடிப் போன மூஸா (அலை) அவர்களுக்குக் கிடைத்தது நுபுவ்வத் அல்லவா?

ஆனால் எண்ணியிராத இடத்திலிருந்து வருவதைக் கையேந்திப் பெறவும் ஒரு பக்குவம் வேண்டும். அன்னை ஹாஜர் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை ஓடினார்கள். தண்ணீர் வந்ததோ அவர்கள் ஓடிய இடத்திலல்ல, குழந்தை கிடந்த இடத்தில். எனினும் அந்த ஓட்டம் வீணென்று யார் சொல்வார்? வந்த நீரை உடனே அணைகட்டித் தேக்கியதும் அந்தத் தாயின் விவேகமே.

அடையாளம் கண்டு தெளிவதைக் குர்ஆன் உயர்வாகவே பேசுகிறது. யூஸுஃப் (அலை) அவர்கள் மீது பழி விழுந்தபோது உண்மையைச் சொன்னது எது? சட்டை முன்னால் கிழிந்திருக்கிறதா, பின்னால் கிழிந்திருக்கிறதா என்ற ஒரு சின்ன அடையாளம். ஸூரா அல்ஹிஜ்ரில் ‘முதவஸ்ஸிமீன்’ என்றொரு சொல் வருகிறது. அடையாளங்களைக் கூர்ந்து நோக்கி உணர்பவர்கள் என்பது அதன் பொருள்.

நான் படிக்கத் தவறிய சுவடு

இவ்வளவும் எழுதிவிட்டு, என் குறையொன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் வகுப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். சில நாட்களில் அழகாக ஓதுவான். சில நாட்களில் நான் சொல்லிக் கொடுப்பது ஒன்று, அவன் ஓதுவது வேறொன்று. கூப்பிட்டால் திரும்பமாட்டான். நேற்று ஓதியவனுக்கு இன்று ஓத முடியாதா என்று பலமுறை கடிந்துகொண்டேன். ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தியும் விட்டேன். குழப்படிக்காரன் என்று என் மனத்தில் தீர்ப்பு எழுதியாயிற்று.

ஒரு மாலை அவனுடைய உம்மா வந்தார். “ஒரு விஷயம் சொல்லணும் மௌலவி. புள்ளைய சுபஹுக்கு எழுப்பக்குள்ளதான் கண்டேன். வலப்பக்கம் சரிஞ்சி படுத்தா ஒரு சத்தத்துக்கே எழும்புறான். இடப்பக்கம் சரிஞ்சி படுத்தா எத்தனை தரம் கூப்பிட்டும் அசையுறானில்ல” என்றார். பிறகு நாலைந்து நாள் கவனித்திருக்கிறார். தொலைபேசியை எப்போதும் இடக் காதில்தான் வைக்கிறான். தொலைக்காட்சி பார்த்தால் முகத்தைத் திருப்பி இடக் காதைக் கொடுக்கிறான். வைத்தியரிடம் காட்டியபோது, வலக் காது வெகு குறைவாகவே கேட்கிறது என்று தெரிந்ததாம்.

இடப்பக்கம் சரிந்தால் கேட்கும் காது தலையணையில் புதைந்துவிடும். அவ்வளவுதான் விடயம். அவர் தேடியது பிள்ளையின் தொழுகையை. கிடைத்தது பிள்ளையின் நோய்.

அவர் போன பிறகு நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை நன்றாக ஓதிய நாட்களிலெல்லாம் என் இடக்கைப் பக்கம் அமர்ந்திருந்தான். அவனது இடக் காது என்னை நோக்கி இருந்தது. தடுமாறிய நாட்களில் என் வலக்கைப் பக்கம். ஒரு பக்கம் மட்டும் மேய்ந்த ஒட்டகத்தின் கதையை எத்தனையோ தடவை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் கண்முன்னே கிடந்த சுவட்டை நான் படிக்கவில்லை. முளரைப் போலப் பார்க்க வேண்டியவன், ஒட்டகக்காரனைப் போல அவசரப்பட்டுக் குற்றம் சாட்டிவிட்டேன்.

மறுநாள் அவனை என் இடப்பக்கம் முன்வரிசையில் அமர்த்தினேன். எல்லோர் முன்னிலையிலும் கடிந்தது நான். ஆகவே எல்லோர் முன்னிலையிலுமே, தவறு என்னுடையது என்று சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ், இப்போது தெளிவாக ஓதுகிறான்.

சகோதரிகளே, வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று பேசுகிறவர்கள் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறான், மாமியார் எந்தக் காலை ஊன்றாமல் நடக்கிறார், வழக்கமாகச் சோறு கேட்கும் மகள் ஏன் இரண்டு நாளாகக் கேட்கவில்லை என்பதையெல்லாம் முதலில் காண்பவர் யார்? கண்டதைச் ‘சும்மா ஒரு எண்ணம்’ என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். பிறகு வைத்தியரிடமோ ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் தீர்ப்புச் சொல்லுமுன் அல்அஃப்ஆவைப் போல ஒரு கேள்வி கேட்டுப் பழக வேண்டும்.

மகளின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லையே! ஒரே சொல்லில் சொல்ல எனக்குத் தமிழ் கிடைக்கவில்லை. “தேடாமல் வந்ததைத் தவறவிடாத கண்” என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, “அப்ப அது அதிர்ஷ்டம் இல்ல வாப்பா” என்று சொல்லிக்கொண்டே கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அந்தக் கண்ணை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.